பன்னிரண்டாவது இழுப்பு

செவிலியர் வேலையில் முதலில் தேய்வது செருப்பு. அடுத்தது, நோயாளி சொல்வதெல்லாம் நமக்குப் புரிகிறது என்ற எண்ணம். வார்டில் நின்றே கால் வீங்கிய சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் திருவண்ணாமலையில் மருத்துவமனையோடு சேர்ந்த ஒரு செவிலியர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். நோயாளிகள் தங்கள் உபாதையை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், அடுத்த ஊரில் அதற்கு என்ன சொல், சொன்னவர் யார் என்றெல்லாம் ஒரு நீள நோட்டில் குறித்துவந்தேன். மாணவிகள் அதற்கு ‘மேடத்தோட அகராதி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கேலி என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

கம்மி

அடி அண்ணாமலையில் பெட்டிக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவருக்கு இரத்த அழுத்தம். ‘குறையுங்கள்’ என்பதைவிடக் ‘கம்மி பண்ணுங்க’ என்பது அந்தப் பக்கத்தில் நன்றாக விளங்கும் என்று என் நோட்டு சொன்னது. உப்பைக் கம்மி பண்ணச் சொல்லி அனுப்பினோம். பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்த மறுநாள், இரண்டு காலும் வீங்கி வந்து நின்றார். சோற்றில் ஒரு கல் உப்புகூடப் போடுவதில்லை என்று சத்தியம் செய்தார். நான் நம்பி, மருந்தைத்தான் சந்தேகித்தேன். பக்கத்தில் நின்ற இரண்டாமாண்டு மாணவி பிரேமா மட்டும், “எதைத் தொட்டுக்கினு சாப்பிடுறீங்க தாத்தா?” என்று கேட்டாள். அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“ஊறுகாதான் கண்ணு. அதுல இருக்கறது ஊறுகா உப்பு, என்னோடது இல்லியே!”

வேளை

வேர்க்கடலை பறிக்கப் போகும் ஓர் அம்மாளுக்கு, மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் என்று சொல்லி மாத்திரை கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து, மூன்றில் ஒரு பங்கு மாத்திரையைச் சேலை முடிச்சில் பத்திரமாகக் கொண்டுவந்தார். “நாங்க துன்றதே ரெண்டு வேள, மூணாவது மாத்திரைக்கு நீங்களே சோறு போட்டுடுங்க” என்றார்.

அதிலிருந்து, மாத்திரையைக் கையில் கொடுக்குமுன் யார் எப்போது என்ன சாப்பிடுகிறார்கள் என்று பிரேமா கட்டில் கட்டிலாக விசாரிக்க ஆரம்பித்தாள். பத்து மணிக்கு முடியவேண்டிய வேலை பதினொன்றரை வரை இழுத்தது. அவளுடைய மதிப்பீட்டுத் தாளில் ‘வேகம் போதாது’ என்று நானே எழுதினேன். வார்டு சிஸ்டர் எழுதவில்லை. எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்.

“ஏம்மா, நீ மாத்திர குடுக்க வந்தியா, ரேஷன் கார்டுக்கு ஆள் கணக்கெடுக்க வந்தியா?”

இழுப்பு

ஒரு நாள் பிற்பகல், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை வேனில் கொண்டுவந்தார்கள். பெயர் மல்லிகா. முகம் உப்பியிருந்தது; கேட்டதற்கு முனகலாகத்தான் பதில் வந்தது. கூட வந்த மாமியார், “காலைல ஒரு தபா இழுப்பு வந்துச்சுங்க” என்றார். என் நோட்டில் ‘இழுப்பு’ என்ற சொல் பதினோரு முறை பதிவாகியிருந்தது. பதினோரு முறையும் அதற்கு மூச்சிரைப்பு என்றே பொருள். நான் புரிந்துகொண்டதற்கு அடையாளமாகத் தலையை ஆட்டிவிட்டு, தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைக்கும்படி பிரேமாவிடம் சொன்னேன்.

அவள் தலையணையை எடுக்கவில்லை. மல்லிகாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலக்கையில் வளைகாப்பு வளையல்கள் முழங்கை வரை அடுக்கியிருந்தன. இடக்கையில் இரண்டுதான் மிச்சம். மணிக்கட்டெல்லாம் கண்ணாடிக் கீறல். பிரசவம் ஆகும்வரை யாரும் கழற்றாத வளையல் அது.

“மேடம், மூச்சு சாதாரணமாத்தான் இருக்கு” என்றவள் மாமியாரிடம் திரும்பினாள். “ஆயா, எது இழுத்துச்சு? மூச்சா, கை காலா?”

“மூச்சு இன்னாத்துக்கு இழுக்குது? கை காலுதான் வெட்டி வெட்டி இழுத்துச்சு. கண்ணு மேல சொருகி, நாக்கக்கூடக் கடிச்சிக்கிச்சு.”

மூச்சிரைப்பு அல்ல, கர்ப்பகால வலிப்பு. இன்னொரு முறை வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். பிரேமா இரத்த அழுத்தம் பார்த்தாள்; எண் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மல்லிகாவை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, கட்டிலின் தடுப்பை ஏற்றினோம். நான் டாக்டரம்மாவை அழைக்க ஓடினேன்; என் வயதுக்கு அது ஓட்டம்தான். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வலிப்பு வந்தது. பிரேமா அவளை ஒருக்களித்தபடியே பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே அறுவை. இரண்டு கிலோவுக்குக் குறைவான ஒரு பெண் குழந்தை, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. மல்லிகா கண் விழிக்க மறுநாள் ஆயிற்று.

அவள் விழிக்கும்வரை மாமியாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. விழித்த பிறகு, கை கால் இழுத்ததை வந்தவுடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“சொல்லத்தான் வந்தேன் நர்ஸம்மா. இழுப்புன்னதும் எல்லாம் புரிஞ்சாப்ல நீங்கதான தலய ஆட்டுனீங்க!”

திருத்தம்

மதிப்பீட்டுத் தாளில் ‘வேகம் போதாது’ என்பதை அடித்து, பக்கத்தில் கையொப்பமிட்டேன். வீட்டுக்குப் போகிற நாளில் மாமியார், மருமகளின் வலக்கை வளையல்களில் ஆறைக் காகிதத்தில் சுற்றிப் பிரேமாவுக்குக் கொடுத்தார். பணி நேரத்தில் போடக் கூடாது என்று அவள் சொன்னதற்கு, “அப்ப வூட்டுல போட்டுக்கோ” என்றார். பிறகு, நோட்டைத் திறந்து வைத்திருந்த என்னிடம் வந்தார்.

“எழுதிக்கோங்க. இழுப்புன்னா இழுப்புதான். எதுன்னு கேக்கறது உங்க வேல.”

அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டாவது ‘இழுப்பு’க்கு எதிரே பொருள் எதுவும் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது, அதுவும் பிரேமாவின் கையால் போட்டது.