குடிலுக்குப் போன படை

சவரிமுத்துவின் வாழ்க்கையில் காதல் இரண்டு முறை வந்தது. முதல் முறை லீனா வந்தாள். இரண்டாம் முறை வந்தவர்கள் கட்டைவிரலின் மேல்கணு உயரமே இருந்த, ஈயத்தில் வார்த்த, மயிர்த்தோல் அங்கி போட்ட ஒரு கூட்டம். எந்தக் காதல் அவரை அதிகம் அழ வைத்தது என்று கேட்டால், லீனா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்தில் பிறந்தவர். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கினார். சுரங்கத்தை மூடிய பிறகு மகன் வேலைக்காகத் தினமும் பெங்களூர் ரயிலில் ஏறினார். பல வருடம் ரயிலிலேயே தூங்கி எழுந்து, கடைசியில் கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் தங்கினார். ஒயிட்ஃபீல்டில் ஓர் ஐ.டி. கட்டடத்தில் ஃபெசிலிட்டி சூப்பர்வைசர் உத்தியோகம். ஏ.சி. ஓடவில்லை என்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். ஓடுகிறது, குளிருகிறது என்றாலும் அவரையே கூப்பிடுவார்கள்.

அந்தக் கட்டடத்தில் பெரிய அதிகாரியாக இருந்த பாலசுப்ரமணியன், கம்மனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் சரித்திரப் போர்க் கழகம் நடத்தி வந்தார். ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். பெரிய மேசையில் மலை, ஆறு, காடு எல்லாம் செய்து வைத்து, குட்டி உலோக வீரர்களை நிறுத்தி, டைஸ் உருட்டிப் பழங்காலப் போர்களை மறுபடியும் நடத்துவார்கள். வாரம் முழுக்க மேனேஜரிடம் வாயைத் திறக்காதவர்கள், ஞாயிறன்று ரோமாபுரியைக் கொளுத்திவிட்டு முட்டை பப்ஸ் சாப்பிடுவார்கள்.

சவரிமுத்து முதன்முதலில் அங்கே போனது மேசையை மாடிக்குத் தூக்கிக் கொடுக்க. இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர், குதிரை மேல் வாளோடு நின்ற ஒரு குட்டித் தளபதியைப் பார்த்தார். அவ்வளவுதான், போனார் மனிதர்!

ஆனால் சேர்ந்ததும் ஆட விட்டுவிடுவார்களா? கழகத்தின் சட்டப்படி, அவரவர் படையை அவரவரே தேர்ந்தெடுத்து, வாங்கி, வர்ணம் தீட்ட வேண்டும். தலைவர் பார்த்துச் சரித்திரத்துக்குப் பொருந்துகிறது என்றால்தான் மேசை. சவரிமுத்துவின் முதல் படை தலைப்பாகையால் தள்ளுபடி ஆனது. இரண்டாவது படை சேணத்தின் நிறத்தால் செத்தது. மூன்றாம் முறையும் தள்ளுபடியானால் ஆயுள் முழுக்கப் பார்வையாளர். அளவுநாடா பிடிக்கலாம், டீ வாங்கி வரலாம், டைஸைத் தொடக்கூடாது.

இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு ஆண்டுப் போர். களம் கிரீன்லாந்து. அங்கே பல நூறு வருடத்துக்கு முன் குடியேறிப் பண்ணை வைத்திருந்த நார்ஸ்காரர்கள் ஒரு பக்கம். வைக்கிங் வம்சம், தாடியும் கோடாலியும் தாராளம். மறுபக்கம் இனுயிட் மக்கள், நம் பள்ளிப் புத்தகம் எஸ்கிமோ என்று சொல்லிக் கொடுத்தவர்கள். கழகத்தில் எல்லாருக்கும் கோடாலிதான் வேண்டியிருந்தது.

"மிஸ்டர் சவரி, இனுயிட் நீங்க எடுத்துக்குங்க," என்றார் பாலசுப்ரமணியன். "ஆனா ஃபிகர்ஸ் கரெக்டா இருக்கணும். இது மூணாவது சான்ஸ். ரூல் தெரியும்ல?"

"தெரியும் சார்," என்றார் சவரிமுத்து. அந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு மனிதனின் மானம் மொத்தமும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றே பெண் பார்க்கும் படலம் தொடங்கியது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் படங்களைப் போனில் பெரிதாக்கி, சிறிதாக்கி, கண் சிவக்கப் பார்த்தார். முதல் கம்பெனியின் ஆட்கள் எல்லாரும் பல் தெரியச் சிரித்தார்கள். ஆளுக்கொரு மீன், பின்னால் பனிக்கட்டி வீடு, சீதனமாக ஒரு பென்குயின். இவர்கள் வடதுருவத்துப் பக்கம், பென்குயின் தென்கோடி. பெங்களூர் ஸ்ரீராம்புரத்துச் சந்தில் ஒட்டகச்சிவிங்கியைக் கட்டி வைத்த மாதிரி இருந்தது.

இரண்டாவது கம்பெனியின் ஆட்கள் உறுமினார்கள். உறைபனியில் சட்டை இல்லை. மார்பு மட்டும் மலை மலையாக. டிசம்பர் காற்றுக்கே மங்கி கேப் போட்டுக்கொண்டு நடக்கும் ஊரில் உட்கார்ந்திருந்த சவரிமுத்துவுக்கு அதைப் பார்த்ததுமே தும்மல் வந்தது. "சொக்காய போடுங்கடா, செத்துகித்து வெக்கப் போறீங்க," என்று போனைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் உள்ளே ஒரு சபலம். கழகத்தில் எல்லாருக்கும் உறுமல் பிடிக்கும். மேசையில் எடுப்பாக நிற்குமே!

மூன்றாவது கம்பெனியின் ஆட்களிடம் எடுப்பு ஏதும் இல்லை. ஒருவன் வில்லை இழுத்துப் பார்க்கிறான். ஒருவன் ஈட்டிமுனையைக் கட்டுகிறான். ஒருவன் நாயின் கயிற்றுச் சிக்கலை எடுக்கிறான். ஒரு பெண், முதுகுப்பக்கம் தொங்கும் அங்கித் தொப்பிக்குள் குழந்தையைச் சுமந்து நிற்கிறாள். ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. நாளைக்கு அடுப்பெரியுமா என்கிற யோசனைதான் இருந்தது. மாரிக்குப்பத்தில் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முகங்கள்! சவரிமுத்து போனைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

ஆனாலும் அவர் உடனே வாங்கிவிடவில்லை. தொப்பிக்குள் குழந்தை உட்காரும் ஆழம் சரிதானா என்று கம்பெனிக்கு மெயில் போட்டார். நாய்களின் வால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று இன்னொரு மெயில். உறுமுகிற ஆட்களுக்குத் திரும்பினார், மறுபடி குழந்தை சுமந்த பெண்ணிடம் வந்தார். சோறு ஆறியது.

லீனா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ரெண்டு பஜ்ஜி துன்றதுக்குள்ள சரின்னு தலையாட்டிட்ட. இந்த பொம்மைக்கு இன்னா மூணு மாசமா ஜாதகம் பாத்துகினு கீற?"

"அது வேற லீனா. இதுல தப்பா எடுத்தா ஆயுசு பூரா கஷ்டம்."

அவள் கையில் இருந்த கரண்டியை அவர் அப்போதுதான் கவனித்தார். அந்த வேகத்திலேயே மூன்றாவது கம்பெனிக்கு ஆர்டர் போனது.

பெட்டி வந்தது. அதிகாலைகளில் எழுந்து வர்ணம் தீட்டினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கடைசி நாய்க்கும் மூக்கில் கறுப்பு வைத்து, எல்லாரையும் ஒரு தட்டில் நிறுத்தி, ஷோகேஸ் மேல் காய வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. விதி அந்த அட்டைப்பெட்டிக்குள்தான் ஒளிந்திருந்தது.

அவர்கள் பங்குக் கோயிலில், அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஒவ்வொரு அன்பியமும் கிறிஸ்துமஸுக்கு ஒரு குடில் கட்டும். போட்டி கடுமை. மாட்டுக்கொட்டகை, மாதா, சூசையப்பர், ஆடு, இடையர், பெத்லகேமில் யாரும் பார்த்திராத அளவுக்குப் பஞ்சுப் பனி. இவர்கள் அன்பியத்துக்குத் தலைவி ஆஞ்சலா. பங்குச் சாமியாரே அவள் குரல் கேட்டால் மேலங்கியைச் சரிசெய்துகொள்வார். குடில் சாமான் ஷோகேஸ் மேல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று லீனா போனில் சொன்னாள். ஆஞ்சலா வந்தாள். குடில் சாமான் இருந்த அட்டைப்பெட்டியையும் எடுத்தாள். தட்டையும் எடுத்தாள்.

வேலை முடிந்து நள்ளிரவில் வந்து ஷோகேஸ் பக்கம் பார்க்காமலே படுத்த சவரிமுத்து, கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து குடிலுக்கு முன் முழங்காலிட்டார். கண்ணை மூடினார். திறந்தார். பஞ்சுமலையின் உச்சியில், பாலன் இயேசுவை நோக்கி, வில்லும் ஈட்டியும் நாயுமாக இறங்கி வந்துகொண்டிருந்தது அவருடைய படை!

"அக்கா!" என்று அலறினார். "இது என்னுதுக்கா!"

"நல்லாகீது இல்ல?" ஆஞ்சலா பூரித்தாள். "நம்ம இடையருங்க எல்லாம் ஒரு அடி. இவுங்க துக்கிணியூண்டு. மேல வெச்சா தூரத்துலேர்ந்து வர்ற மாதிரி கீது பாரு. என் மூளை எப்பிடி? கொயந்தய தூக்கிகினு ஒருத்தி கீறா பாரு, அதப் பாத்து சாமியாரே அசந்துட்டாரு."

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும்க்கா. போட்டி கீது. எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கறியா? மந்திரிச்சாச்சுப்பா! தீர்த்தம் தெளிச்சாச்சு. ஜனவரியில மூணு ராசா திருநாள் முடியறவரைக்கும் யாரும் கைய வெக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, சந்தேகத்தோடு கேட்டாள். "இன்னா போட்டி?"

"டைஸ் உருட்டி... சண்டை மாதிரி..."

ஆஞ்சலா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மந்திரிச்ச சுரூபத்த வெச்சிகினு டைஸ் உருட்டுவியா? சிலுவைக்குக் கீழ ஆண்டவரு அங்கிக்கு சீட்டு போட்டானுங்களே, அவனுங்க வம்சமா நீ?"

சவரிமுத்து நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். உறுமுகிறவர்களை வாங்கியிருந்தால் ஆஞ்சலா தொட்டிருக்கவே மாட்டாள். நல்ல ஆட்களைத் தேர்ந்தெடுத்த பாவத்துக்கு, அவர்கள் நல்ல இடத்துக்குப் போய்விட்டார்கள். தலையைத் தொங்கப் போட்டபடி பாலசுப்ரமணியனுக்குப் போன் செய்தார். அவரோ, சோதனை என்று ஒன்றைச் செய்யாமல் விடுகிறவர் இல்லை. "படை வர முடியலைன்னா என்ன, இன்ஸ்பெக்‌ஷன் அங்க வரும்," என்றார்.

சனிக்கிழமை வந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் பூதக்கண்ணாடி, பையில் ஆறங்குல ஸ்கேல். குடிலின் கம்பிவலைக்கு மேல் குனிந்து உற்றுப் பார்க்கத் தொடங்கினார். குடில் போட்டிக்கு மேற்றிராசனத்திலிருந்து, அதாவது ஆயர் அலுவலகத்திலிருந்து, நடுவர் வருவார் என்று காத்திருந்த ஆஞ்சலாவுக்கு வேறென்ன தோன்றும்? ஒரு தட்டு நிறைய கிறிஸ்துமஸ் பலகாரமாகக் கல்கல்லும் ரோஸ் குக்கியும் பிளம் கேக்கும் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஹூட்ல குழந்தை. கரெக்ட்," என்று முணுமுணுத்தார் பாலசுப்ரமணியன். "வில் கரெக்ட். பென்குயின் இல்ல. குட்."

"பென்குயின் வெக்கணுமா சார்? அடுத்த வருசம் வெச்சிடறோம்."

"வெச்சா டிஸ்குவாலிஃபை!"

"ஐயோ, வெக்க மாட்டோம் சார். சத்தியமா வெக்க மாட்டோம். கேக் எடுத்துக்குங்க சார்."

கேக்கை மென்றபடி அவர் நிமிர்ந்தபோது முகம் கனிந்திருந்தது. "மிஸ்டர் சவரி, அப்ரூவ்ட். எட்டாவது ரூல் இருக்கு. அப்ரூவ் ஆன படை மேசையில இல்லைன்னாலும் களத்துல எங்கேயோ மறைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். நாளைக்கு நீங்க ஆடலாம்." அந்தக் கருணைக்குக் காரணம் பிளம் கேக்தான், அதோடு, படையே இல்லாத ஆளை ஜெயிப்பது எளிது என்கிற கணக்கும் கொஞ்சம் இருந்தது. 'அப்ரூவ்ட்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்த ஆஞ்சலா, முதல் பரிசு நிச்சயம் என்று அன்பியத்துக்கெல்லாம் போன் போட்டாள்.

ஞாயிறு வந்தது. சவரிமுத்து வெறுங்கையோடு மேசை முன் உட்கார்ந்தார். எதிரே பாலசுப்ரமணியனின் நார்ஸ் சேனை: ஜொலிக்கும் கோடாலிகள், வேலி போட்ட பண்ணைகள், வைக்கோல் போர். கழகமே சுற்றி நின்று இளித்தது.

"உங்க மூவ், மிஸ்டர் சவரி."

"நாங்க வரல சார்."

பாலசுப்ரமணியன் எதிரியைத் தேடிப் படையைப் பண்ணையை விட்டு வெளியே நடத்தினார். கிரீன்லாந்தின் குளிர்காலத்துக்கென்று அவரே எழுதிச் சேர்த்த விதி ஒன்று உண்டு: பண்ணையை விட்டு வெளியே நிற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் வைக்கோல் குறையும், வைக்கோல் தீர்ந்தால் மாடு சாகும், மாடு செத்தால் ஆள் சாவான். கடலில் சீல் என்ற கடல்நாயைப் பிடித்துச் சாப்பிடும் இனுயிட்காரர்களுக்கு அந்த விதி இல்லை. எதிரி கண்ணில் பட்டதும் அடித்து முடித்துவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார். பட்டால்தானே! வெறுங்கை ஆளுக்குப் பயந்து பண்ணைக்குத் திரும்பவும் அவருக்கு மனம் வரவில்லை.

"உங்க மூவ்."

"வரல சார்."

வைக்கோல் தீர்ந்தது. மாடுகள் போயின. பிறகு ஒவ்வொரு கோடாலியாகப் படுத்தது. இளிப்பு அடங்கி, சுற்றி நின்றவர்கள் நகம் கடித்தார்கள். கை இரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, "வரல சார்," என்றார் சவரிமுத்து மறுபடியும். கடைசித் தாடிக்காரனும் சாய்ந்தான்.

"இது செல்லாது," என்றார் ஒருவர். "ஒரு ஃபிகர்கூட இல்லாம எப்படி ஜெயிக்கிறது?"

பாலசுப்ரமணியனின் முகத்தில் ஒரு மகாபாரதமே நடந்தது. செல்லாது என்றால் எட்டாவது விதி தப்பு. செல்லும் என்றால் அவர் தோற்றார். தோல்வியை அவரால் தாங்க முடியும்; தன் விதியில் ஓட்டை இருந்தது என்று நாலு பேர் பேசுவதைத் தாங்க முடியாது.

"செல்லும்," என்றார், விழுங்கியபடி. "மிஸ்டர் சவரி, அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க ஃபுல் மெம்பர்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஃபிகர்ஸ் வாங்கின கம்பெனி அட்ரஸ் கொஞ்சம் அனுப்புங்க," என்றார்.

வீடு வந்த சவரிமுத்துவின் கண்கள் கலங்கியிருந்தன. லீனா பயந்துபோய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "தொரத்திட்டாங்களா?"

"ஜெயிச்சிட்டேன் லீனா! இனி நானும் ஆடலாம்!"

"பொம்மையெல்லாம் குடில்ல கீது. எத வெச்சி ஜெயிச்ச?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்துகினு இருந்தேன். எதிரி தானா செத்துட்டான்."

லீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இருவது வருசமா இங்கயும் அதான் பண்ணிகினு கீற," என்றாள். "நான் சாகாம கீறது என் தெறமை. போய் முகத்த கழுவினு வா, சோறு போடறேன்."

அவர் முகம் கழுவப் போனார். அழுகையும் சிரிப்பும் கலந்து வந்ததில், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். "தண்ணிய மூடு, சின்டெக்ஸ் காலியாயிடும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.