பவனி நிற்க ஒரு மூலை

எங்கள் ஊர் மடத்து ஆலயம், பிரான்சிஸ்கன் துறவிகள் பழைய கோயில் கற்களை வைத்துக் கட்டியது. கோட்டை மாதிரி நிற்கும். முன்னால் மதில் சூழ்ந்த முற்றம். அதன் நான்கு மூலைகளிலும் சிற்றாலயங்கள். நற்கருணைப் பவனி ஒவ்வொன்றிலும் நின்று போகும். மூலைக்கு ஒரு பேட்டை. முற்றத்தில் கால் பங்கும் அந்தந்தப் பேட்டைக்கே.

புவெப்லா சாலையில் சோள ரொட்டி சுடும் என் அத்தை கிரெசென்சியா, எங்கள் மூலையை ஓராண்டு நடத்தும் பொறுப்புக்காக நெடுங்காலம் காத்திருந்தாள். முறை வந்த வருடம் நிலம் குலுங்கியது. எங்கள் மூலைச் சிற்றாலயத்தின் வாசல் வளைவில் துறவிகளின் இடுப்புக் கயிற்றைச் செதுக்கியிருந்தார்கள். அதைக் குறுக்கே வெட்டி ஒரு விரிசல் ஓடியது. பழங்கட்டடப் புதுப்பிப்பு அலுவலகம் சிற்றாலயத்துக்குப் பூட்டுப் போட்டது. அங்கே அளவெடுப்பவள் நான்தான். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பவனி நிற்காவிட்டால் அத்தையின் முறை கணக்கில் வராது. மறுபடி வரிசையின் கடைசி.

"அடியே படிச்சவளே, பூட்ட மட்டும்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"சுவரு விழுந்துரும் அத்தை. தள்ளிப் பந்தல் போடலாம். கல்லுல கட்டறதுக்கு முன்னாடி பவனிய இலைப் பந்தல்லதான் நிறுத்தினாங்களாம்."

"எம்புட்டுத் தள்ளி?"

அளந்து சொன்னேன். பைன் கிளைகளால் பந்தல் எழுந்தது.

திருநாள் காலை, பக்கத்துப் பேட்டைப் பொறுப்பாளர் இலாரியோ வந்தார். அத்தை மகனுக்கு ஞானத்தகப்பன்; அந்த முறையில் அத்தை அவருக்குக் கொமாத்ரே.

"கொமாத்ரே, பந்தல்ல பாதி எங்க மண்ணுல நிக்குது."

அத்தை என் பக்கம் திரும்பினாள். என் வரைபடத்தில் சுவர் இருந்தது, விரிசல் இருந்தது. பேட்டை எல்லை இல்லை. இந்த முற்றத்தில் விளையாடி வளர்ந்தவள் அதை எப்படி மறந்தேன்?

"சுவத்துப் பக்கம் தள்ளவா? சாமியார் தலையில விழட்டும்னா?" அத்தை அவரிடம் சீறினாள்.

"தள்ளச் சொன்னேனா? பாதி மண்ணு எங்களோடது. அப்ப எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு உன் வீட்லதான் விருந்து. வான்கோழி மோலே குழம்புல உப்பப் பாத்துப் போடு. உன் மகன் ஞானஸ்நானத்துல சாப்பிட்டவன் இன்னும் தண்ணி குடிக்கிறான்."

"உன் வாய்க்குன்னே தனியா மிளகா அரைக்கிறேன், வா!"

கல்வளைவில் செதுக்கியிருந்தது போலவே, இருவருமாய்ப் பந்தல் வாசலில் ஒரு கயிற்றை வளைத்துக் கட்டி முடிச்சிட்டார்கள். பவனி வந்தது. சாமியார் பூட்டிய கதவை ஒரு கணம் பார்த்தார். திரும்பிப் பந்தலுக்குள் வந்து நற்கருணையை மேசையில் வைத்தார்.

மண்டியிட்டிருந்த அத்தையின் உதடுகள் அசைந்தன. ஜெபம் என்று நினைத்துக் குனிந்தேன்.

"வான்கோழி பத்தாதுடி. ஓடு, உங்கம்மாகிட்டச் சொல்லு."