எல்லோரும் ஒல்லியாயிருந்த டிவிடி

அன்றைக்கு வீட்டில் இருந்தது நாலே பேர். அம்மா, அப்பாவுக்கு மூத்தவளான அத்தை, அம்மாவின் தம்பியான மாமா, நான். அப்பா செத்து மூணு மாசம் ஆகியிருந்தது. வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தபோதே காலம் கடந்துவிட்டதாம்.

செவிலிமேட்டில் வீடியோ கடை வைத்திருந்த மாமாதான் அத்தை மகள் கல்யாணத்தைப் படம் பிடித்தவர். அப்பா போன கடைசிக் கல்யாணம் அது. டிவிடி அப்போதுதான் கைக்கு வந்தது. போட்டுப் பார்த்தால் அப்பா குச்சியாக நிற்கிறார்.

"அன்னிக்கே என் தம்பி இப்டி உருகிக்கினு இருக்கறான். கூடவே இருந்தியே, உன் கண்ணு எங்கம்மா போச்சு?" என்றாள் அத்தை.

அம்மா அழவில்லை. எழுந்து போய், டிவியில் தெரிந்த மணப்பெண்ணின் புடவையில் இருந்த ஒரு ஜரிகைப் பொட்டின்மேல் விரலை வைத்தாள். அப்பா எங்கள் தறியில் நெய்த புடவை. "இது உருண்டை புட்டா அண்ணி. அதுக்கு நூல் சுத்திக் குடுத்தவ நான். இங்க பாருங்க, முட்டையாட்டம் நிக்குது. படமே நசுங்கிக்கினு இருக்குது. நீங்க கூடத்தான் ஒல்லியா இருக்கறீங்க."

"ஆமாங்க்கா, உங்கள இந்த அளவுக்கு எளைக்க வெக்க யாரால முடியும்?" என்றார் மாமா அத்தையிடம். யாரும் சிரிக்கவில்லை.

எடுத்தது அகலப் படமாம். டிவிடிக்கு மாற்றும்போது பழைய டிவியின் சதுரத்துக்குள் அப்படியே நெருக்கித் திணித்துவிட்டாராம். திருப்பிச் செய்தால் சரியாகிவிடும், மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வரும் என்றார். ஓரங்களை வெட்டினால் பட்டை வராது, ஆனால் அப்பா ஓரத்தில்தான் நிற்கிறார்.

"வெட்டாத" என்றாள் அம்மா.

மாமா லேப்டாப்பை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். எனக்கு ஒரே கவலை. பாதியில் கரண்ட் போனால் அப்பாவும் சேர்ந்து அழிந்துபோவாரோ என்று ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போகவில்லை. புது டிஸ்க் ஓடியது. தாலி கட்டும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, என் ஸ்கேலை வாங்கி அம்மா புட்டாவை அளந்தாள். குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவு. அத்தை பழைய பருமனுக்குத் திரும்பியிருந்தாள். மாப்பிள்ளைக்கும் மேளக்காரருக்கும் கன்னம் வந்திருந்தது. அப்பா அட்சதைத் தட்டோடு ஓரத்தில் நின்றார். இப்போதும் சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது. கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது.

அத்தை அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

அம்மா, "அந்தப் பழசையே போடுடா" என்றாள்.

"அது தப்பாச்சேக்கா."

"போடுடா."

மாமா போட்டார். எல்லோரும் மறுபடி ஒல்லியானார்கள். அம்மா கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தாள். கறுப்புப் பட்டைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பட்டை இல்லாமல் சரியாக ஒன்று போட்டுத் தரச் சொல்லி மாமாவைக் கெஞ்சினேன்.