பூரணமக்காவும் இரண்டு துடிப்பும்

கிளினிக்கில் அற்றென்டன் வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மற்றவர்களின் சலப்போத்தலை, அதுதான் மூத்திரப் போத்தலை, சிரித்த முகத்தோடு கை நீட்டி வாங்க வேண்டும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு எங்கள் வாங்குப் பலகையில் இருந்து இடுப்பு நொந்த உங்களுக்கு அது தெரியும்; போன வருசம் நானும் அதே வாங்கில் இருந்தவள்தான்.

முந்தானை

தொண்டைமானாற்றுப் பூரணமக்கா முதல்நாள் வந்தபோது முந்தானையால் தலையையும் வயிற்றையும் சேர்த்து மூடியிருந்தா. வயது நாற்பத்திரண்டு. கடைக்குட்டிக்கே பதினொரு வயது. அவவுக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது; மூத்த மகள் வசந்திக்குத் தலைச்சன், எட்டு மாதம். அதே கிளினிக், அதே புதன்கிழமை. தாய் வாங்கின் இந்த நுனியில், மகள் அந்த நுனியில்.

“முன்னுக்கு வந்து இருங்கோவன் அக்கா” என்றேன்.

“பாண் வரிசையிலை நாலு மணித்தியாலமும் நிப்பன் பிள்ளை, மருமோன் வீட்டாக்கள் பாக்க உதிலை அஞ்சு நிமிசம் இருக்கேலாது.”

மரக்குழல்

மிஸி, அதாவது எங்கள் மருத்துவிச்சி, மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தா. இடப்பக்கம், வலப்பக்கம், திரும்பவும் இடப்பக்கம். பிறகு என்னையும் கேட்கவிட்டா. கோழிக்குஞ்சின் நெஞ்சு மாதிரி அங்கே ஒன்று, இங்கே ஒன்று! நான் சிரித்தேன். மிஸி சிரிக்கவில்லை.

“இந்த வயசிலை ரெட்டை எண்டால் பிரசர் சடாரெண்டு ஏறப் பாக்கும், வலிப்பும் வரும். பெத்த பிறகும் ரத்தம் நிக்காமல் ஓடும். கிழமைக்கு ஒருக்கால் சலம் கொண்டு வரவேணும்” என்றா.

பூரணமக்கா கூரையைப் பார்த்தபடி சொன்னா: “ஒண்டுக்கே எந்த முகத்தோடை நடக்கிறதெண்டு இருந்தன், இப்ப ரெண்டாம்.”

போத்தல்

சலத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவது என் வேலை. வெளுத்துத் திரண்டால் ஆபத்து. பூரணமக்காவினது மூன்று கிழமையும் தெளிந்த தண்ணீர்தான். ஆனால் கால் வீங்கி, மிஞ்சி விரலுக்குள் புதைந்து கிடந்தது. பிரசரும் ஏறியிருந்தது. மிஸிக்கே விளங்கவில்லை.

நாலாம் கிழமை வசந்தி தன் போத்தலை நீட்டிக்கொண்டு கேட்டாள்: “அக்கா, அம்மா ஏன் என்னை ரெண்டு போத்தல் நிரப்பச் சொல்லுறா?”

பூரணமக்காவைக் கையோடு கூட்டிப்போய், கக்கூஸ் வாசலில் நின்று புதிதாக வாங்கினேன். சூடேறியதும் குழாய் முழுக்கப் பாலாய் வெளுத்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க, அவ என்னிலேயே பாய்ந்தா: “என்னைப் பெரியாஸ்பத்திரியிலை மறிச்சுப் போட்டினம் எண்டால் என்ரை பிள்ளையின்ரை தலைப்பிரசவத்துக்கு ஆர் பத்தியச் சரக்கு அரைக்கிறது, நீயோ?”

கார்

“ஓம், நான் அரைக்கிறன்” என்று வாயை விட்டுவிட்டேன். அதற்கும் அவ அசையவில்லை. ஆள் விட்டுச் சொல்ல, கடலால் வந்த ஈரச் சாரம் இடுப்பில் கிடக்கவே புருசன் நாகமணியண்ணை ஒரு பழைய ஒஸ்ரின் காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சந்நிதியில் நேர்த்தி வைத்திருக்கிறேன், முருகன் பார்ப்பான் என்று அவ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

அவர் சத்தம் போடவில்லை. “முருகனோடை நான் கதைக்கிறன், நீ காரிலை ஏறு.”

சரக்கு

வசந்தி வீட்டிலேயே பெற்றாள், ஆண்பிள்ளை. பதினாறாம் நாள் பெரியாஸ்பத்திரியில் தாயின் வயிற்றை வெட்டி இரண்டு பெட்டைப்பிள்ளைகளை எடுத்தார்கள். மிஸி பயந்தபடியே இரத்தம் நிற்கவில்லை. நாகமணியண்ணையும் அவரோடு வள்ளத்தில் போகிற மூன்று பேரும் வரிசையாகக் கை நீட்டி இரத்தம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் அவ கண் திறந்தா.

வீட்டுக்கு வந்தபோது அவவுக்குப் பால் ஊறவில்லை. வசந்தி ஒரு பக்கம் மகனையும் மறுபக்கம் தங்கச்சியையும் போட்டுப் பால் கொடுக்க, அடுத்த தங்கச்சி தன் முறைக்குக் காத்திருந்தாள். நான் சரக்கோடு உள்ளே போக, பூரணமக்கா பழையபடி முந்தானையை இழுத்தா.

“முகத்தை மூடாதையணை அம்மா, உன்ரை வெக்கம் என்ரை மடியிலை பால் குடிக்குது, பார்!”

ஒரு ‘ஓம்’ சொன்ன குற்றத்துக்கு இரண்டு தாய்மாருக்கும் அம்மியில் அரைத்து என் கை எரிந்தது போகட்டும், இப்போதெல்லாம் அப்போதுதான் எடுத்த சூடு ஆறாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் நான் ஒருத்தியின் போத்தலையும் வாங்குவதில்லை.