இரண்டாவது அடி யாருடையது?

தொழில்முறை கோல்ஃப் போட்டிகளில் எந்தத் திறமை ஜெயிக்க வைக்கிறது என்று புள்ளிவிவரத்தில் தேடுவது என் வேலை. பக்கத்து நாற்காலிக்காரனைப் பார்த்து வயிறெரிவது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த உப வேலை. உங்கள் அலுவலகத்திலும், உங்களோடு ஒரே நாளில் சேர்ந்து உங்களுக்கு முன்னால் கைதட்டல் வாங்கும் ஒருவர் இருந்தால், வாருங்கள், நாம் ஒரே சாதி.

புல்லைப் பார்க்காத நிபுணர்கள்

காலாப்பட்டில் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்ததும் உழவர்கரையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். அதே நாளில் அந்துவானும் சேர்ந்தான். இரண்டு பேருமே கோல்ஃப் மைதானத்தை நேரில் பார்த்ததில்லை. எங்கோ ஒருவர் பந்தை அடிப்பார். அது எவ்வளவு தூரம் போனது, புல்லில் விழுந்ததா மணலில் விழுந்ததா என்ற விவரம் எங்கள் திரைக்கு வரும். அதை வைத்து அவருடைய பலம், பலவீனம் சொல்ல வேண்டும்.

ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது இதையெல்லாம் என் தாய்மாமாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏம்மா கலா, இம்மாம் படிச்சிட்டு வெள்ளைக்காரன் அடிக்கிற பந்தைப் பொறுக்கற வேலையா?"

படம் போட்டவன்

கோல்ஃபில் முதல் அடி தூரத்துக்கு. அடுத்த அடி, குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைக்கு. கடைசியில் பந்தைக் குழிக்குள் உருட்ட வேண்டும். டிவியில் காட்டுவது அந்தக் கடைசி உருட்டலைத்தான் என்பதால், ஜெயிப்பது அதில்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை. ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பிரித்து, அதே இடத்திலிருந்து மற்ற ஆட்டக்காரர்கள் சராசரியாக எப்படி அடித்தார்கள் என்று ஒப்பிட்டேன். உருட்டலில் ஒரு வாரம் அதிர்ஷ்டம் அடிக்கிறது, அடுத்த வாரம் கைவிடுகிறது. வருடக்கணக்கில் மேலே நிற்பவர்களைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் அந்த இரண்டாவது அடி.

டீக்கடையில் நின்று இதை அந்துவானிடம் சொன்னேன். மறுநாள் அவன் அதை அழகான வண்ணப்படமாகப் போட்டிருந்தான். எங்கள் முதலாளி ஹமீதா மேடம் அதைப் பார்த்து அவன் முதுகில் தட்டினார். "மேடம், கணக்கெல்லாம் கலாதுதான்" என்று அவன் உடனே சொல்லிவிட்டான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவன்மேல் கோபப்படக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லை. மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "தெரியும்மா. ஆனா எனக்குப் புரிஞ்சது என்னவோ இவன் படத்தைப் பாத்துதான்."

குறிப்பெடுக்கும் ஆள்

பிரான்ஸிலிருந்து ஒரு ஆட்டக்காரரின் பயிற்சியாளர் இணையத்தில் எங்களைத் தேடிப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது; அந்துவான் வீட்டில் இன்னும் பிரெஞ்சு பேசுவார்கள். நானும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்தான். எனக்குத் தெரிந்தது வணக்கத்துக்கு போன்ழூரும் நன்றிக்கு மெர்சியும்தான். வீடியோவில் அவன் பேசுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைத் தாளில் எழுதி அவன் பக்கம் தள்ளுவேன்.

ஒருநாள் பயிற்சியாளர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அந்துவான் தலையாட்டி மறுத்து, நீளமாக ஏதோ விளக்கினான். அழைப்பு முடிந்ததும் "என்னா கேட்டாரு?" என்றேன். அவன் சொல்லத் தயங்கினான். விடாமல் கேட்டேன். "குறிப்பெடுக்க ஒரு ஆளையும் கூட வெச்சிருக்கியான்னு கேட்டாரு."

மீட்டரும் கெஜமும்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயிற்சி விவரங்களை அந்தப் பயிற்சியாளர் மீட்டரில் அனுப்பினார். எங்கள் போட்டி விவரங்கள் எல்லாம் கெஜத்தில். அந்துவான் மாற்றாமல் இரண்டையும் சேர்த்துவிட்டான். மீட்டர் கெஜத்தைவிட நீளம். அதனால் அந்த ஆட்டக்காரர் நிஜத்தில் தள்ளி நின்று அடித்த அடிகளெல்லாம், கிட்டத்திலிருந்து அடித்தும் சொதப்பியவை போலத் தெரிந்தன. அடுத்த வீடியோ அழைப்புக்கு முந்தைய நாளே எனக்கு அது கண்ணில் பட்டது. "அந்துவான்" என்று கூப்பிட வாய் திறந்தேன். குறிப்பெடுக்கும் ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று மூடிக்கொண்டேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூலக்குளத்தில் என் வீடு வந்து சேரும்வரை மனசு அடித்துக்கொண்டது. ஆனால் போன் செய்யவில்லை.

இரண்டாவது அடி பலவீனம் என்று மறுநாள் அந்துவான் சொன்னான். அவர்கள் அப்படியே நம்பினார்கள். அந்த ஆட்டக்காரர் வாரக்கணக்கில் தன் அடிக்கும் முறையையே மாற்றினார். அடுத்த நான்கு நாள் போட்டியில், தேறாதவர்களோடு இரண்டாம் நாளே வெளியேறினார். பயிற்சியாளரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது, அந்துவான் அதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினான்: "நன்றாக அடித்துக்கொண்டிருந்தவரை ஏன் மாற்றச் சொன்னீர்கள்?"

சொன்ன பிறகு

அவன் சாப்பிடாமல் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை.

"மீட்டரு, அந்துவான். நீ கெஜமா மாத்தல."

அவன் திரையைப் பார்த்தான், பிறகு என்னை. "எப்போ பாத்தே?"

"நீ அவங்ககிட்ட பேசறதுக்கு மொத நாளு."

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தவறு தன்னுடையது என்று பயிற்சியாளருக்கு எழுதினான். என் பெயரைச் சேர்க்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஹமீதா மேடத்திடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். நியாயம்தான்.

ஆட்டக்காரர் பழைய முறைக்குத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார். போட்டிகளுக்குக் கூடவே வரச்சொல்லி, தவறை மறைக்காத அந்துவானை அழைத்தார்கள். கிளம்பும் அன்று தன் கோப்புகளையெல்லாம் என் கணினிக்கு மாற்றிவிட்டு, பையைத் தோளில் மாட்டியபடி அவன் சொன்னான்: "மேடம்கிட்ட கேட்டுட்டேன். இனிமே நான் அனுப்பற கணக்கெல்லாம் நீதான் சரிபாக்கணும், கலா. ஆனா தப்பைப் பாத்தா அன்னைக்கே சொல்லிடு."

ஒருவர் எந்த அடியில் மற்றவர்களை முந்தினார் என்று இன்று என்னால் துல்லியமாகச் சொல்லிவிட முடியும். அவர் முந்துவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கத்தான் இன்னும் பழகவில்லை.