ஷாமளா பேர் போட்ட மிஷின்

ஷாமளாவுக்கு ஓர் இடத்தில் உட்காரவே வராது. சோற்றில் கை வைத்தவள் பாதியில் எழுந்து போய், கேட்டைப் பூட்டினோமா என்று பார்த்துவிட்டு வருவாள். செனாய் பக்கம் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து போர்டு சோதிக்கிற வேலை இவளுக்குச் சரிப்படுமா? ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். ஆயர் ஈத்தாமில் பழைய எக்ஸ்கவேட்டர்களை வாங்கி விற்கிற சீன முதலாளி, தவுக்கே ஒருவர்தான், நல்லா சுத்து என்பதுபோல ஸ்கேனரைக் கையில் கொடுத்தார். யார்டு முழுக்க மண் தோண்டும் மிஷின்கள். ஒவ்வொன்றிலும் ஏறி, ஒயரைச் சொருகி, எந்த சென்சார் என்ன எரர் கோடு காட்டுகிறது, அது சென்சாரின் கோளாறா, ஒயரின் கோளாறா, இல்லை நிஜமாகவே மிஷினுக்குத்தான் நோவா என்று கண்டுபிடிக்க வேண்டும். அடடா, அவளுக்கென்றே செய்து வைத்த வேலை!

அந்தச் சந்தோஷத்தில்தான் வினையைத் தேடிக்கொண்டாள். தாய்மாமா காளியப்பன் சிம்பாங் ரெங்கத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பவர். சொந்தமாக ஒரு மிஷின் வேண்டும் என்று அவர் தேடியபோது, "இத எடுங்க மாமா. நானே ஸ்கேன் பண்ணுனேன். ஒரு எரரும் இல்ல, கிளீன்" என்றாள். அவள் வாக்கை நம்பி வாங்கினார். வாங்கிய கையோடு பின்பக்கத்து இரும்பில் சிவப்புப் பெயிண்டால் கொட்டை எழுத்தில் 'ஷாமளா' என்று எழுதியும் விட்டார். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது.

கொஞ்ச நாள்தான் நன்றாக ஓடியது. அப்புறம் சில நாள் காலையில் ஸ்டார்ட் செய்தால், பம்ப் பிரஷர் சென்சார் என்று திரையில் எரர் வரும். மிஷினின் பலமெல்லாம் போய், மண் அள்ளும் பக்கெட்டைத் தூக்கவே முக்கும். மத்தியானம் தானாகவே சரியாகிவிடும். ஷாமளா வேலை முடிந்து அடித்துப் பிடித்து ஓடினால், சாயங்காலம் மிஷின் சமர்த்தாக வேலை செய்யும். ஸ்கேனரில் பழைய எரர் பதிந்திருக்கும். மிஷின் எத்தனை மணி நேரம் ஓடிய பிறகு வந்தது என்று சொல்லுமே தவிர, எந்தக் கிழமை என்று சொல்லாது. புது சென்சார் மாற்றினாள். மறுபடியும் வந்தது. ஒயரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தாள். அப்புறமும் வந்தது.

மாமா முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். "தவுக்கேகூடச் சேர்ந்துக்கிட்டு என் தலையில கட்டிட்டா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். அவள்மேல்தான் கோபம் என்றால் தொலையட்டும். ஷாமளாவின் அம்மாவுக்குப் போன் போடுவதையும் நிறுத்திவிட்டார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் "அக்கா" என்று கூப்பிட்டுப் பேசுகிற தம்பி அவர். அம்மா மகளை ஒரு வார்த்தை ஏசவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க ஷாமளாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார்டில் ஒரு மிஷினில் ஏறுவாள், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்குவாள்.

மாமாவின் மனைவி புஷ்பவள்ளி அத்தை ஒரு நாள் பொறுக்க முடியாமல் போனில் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினாள்.

"வியாழக்கிழமை சாயங்காலமானா பச்சப்புள்ளைய குளிப்பாட்டுற மாதிரி கழுவுறாரு. வெள்ளிக்கிழமை காலையில சந்தனம், குங்குமம், பூ வச்சு சாம்பிராணி காட்டுறாரு. அன்னிக்குப் பாத்துத்தான் அது மக்கர் பண்ணுது! நாங்க யாருக்கு என்ன பாவம் செஞ்சோம்?"

"அத்தை, இருங்க இருங்க. எதுல கழுவுறாரு?"

"வாட்டர் ஜெட்டு வாங்கி வச்சிருக்காருலா. சந்து பொந்தெல்லாம் விட்டு அடிப்பாரு."

"அலமாக்!" என்று ஷாமளா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, அம்மாவிடமும் சொல்லிக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாகப் போய் நின்றாள். மிஷின் பளபளவென்று சந்தனப் பொட்டோடு நின்றது. செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பின்பக்கம் போனவளுக்குச் சுருக்கென்றது. அவள் பெயர் இருந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தது. மாமா அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல ஏறிச் சாவியைத் திருப்பினார். எரர் வந்தது.

"பாத்துக்க. நல்லா பாத்துக்க" என்றார்.

"ஆஃப் பண்ணிட்டு இங்க வாங்க மாமா."

பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பம்ப் சென்சாரில் சொருகியிருந்த பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தாள். தண்ணீர் சொட்டியது. வெயில் ஏறினால் அது காய்ந்துவிடும், எரரும் ஓடிவிடும். சாயங்காலம் வருகிறவள் எதைக் கண்டாள்?

"நான் கழுவுனதாலயா?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "சாமிக்குன்னுதானேமா செஞ்சேன்."

அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பழி மாமாவோடு போயிருக்கும், யாரும் மேலே கேட்கப் போவதில்லை. ஆனால் பிளக்குக்குள் விரலை விட்டவளுக்கு, தண்ணீரைத் தடுக்க வேண்டிய ரப்பர் வளையம் நைந்து கிழிந்திருப்பது தட்டுப்பட்டது. அது நேற்றோ முந்தாநாளோ கிழிந்ததல்ல. யார்டு வெயிலில் காய்ந்து கிடந்த மிஷினை ஸ்கேனர் 'கிளீன்' என்றது, இவளும் அதையே மாமாவிடம் ஒப்பித்தாள்.

"தண்ணி நீங்க அடிச்சதுதான் மாமா. ஆனா இந்த ரப்பரு நீங்க வாங்குறப்பவே கிழிஞ்சிருக்கு. சென்சார் மாத்துன அன்னிக்கும் நான் இத கவனிக்கல. பறந்துக்கிட்டே பாத்தா எங்க தெரியும்? என் தப்பு மாமா."

அவள் பிளக்கைத் துடைத்து, காற்றடித்து, புது ரப்பர் போட்டு மாட்டும்வரை மாமா பக்கத்திலேயே நின்றார். ஏறி ஸ்டார்ட் செய்தார். எரர் இல்லை. பக்கெட் முக்காமல் முனகாமல் மேலே போனது. இறங்கி வந்தவர் ஒரு துணியில் பெயிண்ட் கரைக்கிற தின்னரை ஊற்றிக்கொண்டு பின்பக்கம் போய் மஞ்சளைத் தேய்க்க ஆரம்பித்தார். மஞ்சளோடு அடியிலிருந்த சிவப்பும் சேர்ந்து வந்தது.

"விடுங்க மாமா. பேரும் அழியுது."

"அழியட்டும். வேற எழுதிக்கலாம்லா." கையைத் திருப்பிப் பார்த்தார். விரலெல்லாம் சிவப்பு. "கை அழுக்கா இருக்கு. உன் போன்ல அக்காவுக்குப் போட்டு என் காதுல வையி."

வைத்தாள். மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை. மகளின் நம்பரைப் பார்த்துவிட்டு எடுத்த அம்மா, பக்கத்தில் நிற்கிற ஷாமளாவுக்கும் கேட்கிற குரலில், "என்னடி, என்ன சொன்னான்? ரொம்ப ஏசிட்டானா?" என்றாள்.

"ஏசலக்கா" என்றார் மாமா.