ஈர நெல்லை ஏற்றச் சொன்னவர்

வேலப்பன் அண்ணே இறந்த செய்தி எனக்கு ஜுருவில், நான் இப்போது வேலை பார்க்கும் தொழிற்சாலைக் கிடங்கில் வந்தது. நம் கூட்டுறவின் செயலாளர் லோகநாதன் அழைத்தார். "தலைவர் காலையில போய்ட்டாரும்மா" என்றார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

நம் உறுப்பினர் மலர் இதழில் அவரைப் பற்றி நான் எழுதுவது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கும். எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் இறந்ததால் அது மாறிவிடவில்லை.

அவருக்கு உரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். செபராங் பிறையில் நெல் போடுகிறவர்களுக்குப் பழைய நிலைமை தெரியும். மழையில் அறுத்த நெல்லைக் காயவைக்க யாரிடமும் இடமில்லை. லாரியிலேயே கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போகும். அதனால் ஆலைக்காரர் ஈரத்துக்கென்று எவ்வளவு எடை கழித்தாலும் தலையாட்ட வேண்டும். வேலப்பன் அண்ணே பழைய உலர்த்தி ஒன்றை வாங்கித் தகரக் கொட்டகையில் நிறுத்தினார். மோட்டார் சைக்கிளில் கம்பம் கம்பமாக, ஒரு கிராமம் விடாமல் போய், தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் சண்டை போட்டே கூட்டுறவில் பங்கு போட வைத்தார். "கெஞ்சுனா யோசிப்பானுங்க, திட்டுனா வந்துருவானுங்க" என்பார். வந்தீர்கள். அந்தக் கொட்டகை உங்களுடையதாயிற்று.

உணவு அறிவியல் படித்துவிட்டு, நெல்லைச் சோதிக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது இரண்டு புதிய உலர்த்திகள் வந்துவிட்டிருந்தன. சாப்பாட்டு நேரத்தில் நான் புத்தகம் படிப்பதைப் பார்த்து எனக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்தார். அது மரியாதையில் வைத்த பெயரல்ல. லாரிக்காரர்கள் முன்னால், "டீச்சர கேளுங்க லா, ஒங்க நெல்லு பாஸா ஃபெயிலான்னு" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். தான் மட்டும் சிரிக்காமல், என் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

உலர்த்தியிலிருந்து சூடாக இறங்கும் நெல் ஏமாற்றும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஆறப்போட்டால்தான் அந்த ஈரம் வெளியே வரும். அதனால் ஓர் இரவு ஆறவிட்டு, மறுபடி சோதித்த பிறகே சேமிப்புக்கு ஏற்ற வேண்டும். கொட்டகைக் காலத்திலிருந்து நமக்கு இதுதான் வழக்கம். வைத்தவர் அவரே.

மீறியவரும் அவரே. நம் முதல் சைலோவை, அந்த உயர்ந்த இரும்புக் கலனைத் திறந்துவைக்கப் பெரிய மனிதர்கள் வரவிருந்தார்கள். உலர்த்தியிலிருந்து இறங்கிய நெல்லை அப்படியே ஏற்றச் சொன்னார். ஆறட்டும் அண்ணே, நாளைக்கு மறுபடி பார்த்துவிட்டு ஏற்றலாம் என்று சொன்னேன்.

"மீட்டர்ல சரியாத்தான காட்டுது?"

"சூட்டுல அப்படித்தான் அண்ணே காட்டும். உள்ள ஈரம் இருக்கு. ஏத்துனா கெட்டுரும்."

"வர்றவங்களுக்கு காலி டின்னையா தொறந்து காட்டச் சொல்ற? புத்தகத்த மூடிட்டுப் போய் கேசரி ஆர்டர் பண்ணு, டீச்சர்."

கேசரி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் சைலோவின் அடியிலிருந்து புளித்த கள் வாடை வந்தது. திறந்தபோது நெல் மஞ்சளாகி, கட்டிகட்டியாக விழுந்தது. அந்தப் பருவத்தின் உங்கள் நெல்லில் பெரும்பகுதி கோழித் தீவனமாகப் போனது.

லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்கு மேலே இருக்கும் நம் அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். உலர்த்திகளையும் சைலோவையும் சேர்த்து வாங்கிக்கொள்ள ஓர் ஆலைக்காரர் தயாராக இருந்தார். விற்றுவிட்டுத் தலைமுழுகலாம் என்று பாதிப்பேர் கத்திக்கொண்டிருந்தீர்கள். வேலப்பன் அண்ணே எழுந்து நின்றார். இடத்தில் குறையில்லை, எந்திரத்தில் குறையில்லை, நெல்லைச் சோதித்த பெண் தவறாகச் சொல்லிவிட்டாள் என்றார். நான் எழுந்து, ஏற்ற வேண்டாம் என்று சொன்னவள் நான்தான் என்றேன். "ஒக்காரு லா, தங்கச்சி. பெரியவங்க பேசுறாங்க" என்று உங்களில் ஒருவர் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். விற்க வேண்டாம் என்று முடிவாயிற்று. என்னை நீக்கவும் அதே கைகள்தாம் உயர்ந்தன.

மாடிப்படியில் அவரை நிறுத்தினேன். கீழே கடையின் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஏன் அண்ணே என்று மட்டும் கேட்டேன்.

"உன்னச் சொன்னா ஒருத்திக்கித்தான் போச்சு. என் தப்புன்னு சொல்லியிருந்தா இன்னிக்கே வித்துருப்பானுங்க. எல்லாருக்கும் போயிருக்கும்."

"அந்த ஒருத்தி நான் அண்ணே."

"தெரியும்" என்றார். பிறகு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

அவர் கணக்கு தப்பவில்லை. இன்று சைலோக்கள் வரிசையாக நிற்கின்றன. கெடா எல்லையிலிருந்துகூட நெல் வருகிறது. எடை கழிக்கும் ஆலைக்காரருக்கு நீங்கள் தலையாட்டுவதில்லை. நானோ அதன்பின் நெல் சம்பந்தமான எந்த இடத்திலும் வேலை கேட்க முடியவில்லை. போன இடமெல்லாம் அந்தச் சைலோவின் கதை எனக்கு முன்னால் போயிருந்தது. இப்போது கார் உதிரிப்பாகப் பெட்டிகளைச் சரிபார்க்கிறேன்.

இறுதிச் சடங்குக்கு அவருடைய வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவர் மனைவி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஆஸ்பத்திரியில கேட்டாரும்மா, டீச்சர் இன்னும் கோவமாத்தான் இருக்காளான்னு. ஆமான்னேன். அப்ப மலருக்கு என்னப் பத்தி அவளையே எழுதச் சொல்லுன்னாரு."

அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். அவருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. வேலப்பன் அண்ணனுக்காக அல்ல. ஒவ்வோர் ஆண்டும் பொதுக்கூட்டத்தில் உங்கள் முன் நின்று பேசினார். ஒரே வாக்கியம் போதுமாயிருந்தது. கூட்டுறவு கால் ஊன்றி எத்தனையோ பருவம் ஆன பிறகும் அதைச் சொல்லவில்லை. யாரும் திருப்பிக் கேட்க முடியாத நேரம் பார்த்து, அந்த வேலையையும் என்னிடமே தள்ளிவிட்டுப் போனார். இதைப் பெருந்தன்மை என்று லோகநாதன் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சைலோக்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்களுடையவை, அவர் சம்பாதித்துக் கொடுத்தவை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் சொல்லாமல் விட்ட வாக்கியம்தான். கேசரி சாப்பிட்டவர்களும் கை தூக்கியவர்களும் படிக்கும்படி இங்கே எழுதிவைக்கிறேன். நெல் ஈரமாக இருந்தது. நான் சொன்னேன். அவருக்குக் கேட்டது.